செலரான் 266: பரணிலிருந்து மேசைக்கு

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய பிறகு, 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட பழைய மதர்போர்டு (பிராசசரை 'ஸ்லாட் 1' என்ற நீளத் துளையில் செருகும் வகை) நேற்று இரவு உயிர்பெற்றது. இத்தனை நாள் அலைக்கழித்தது ஒரு ராம் அட்டைதான். அதன் கால்களை ரப்பரால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலையில் இறங்கியதே ஒரு வழக்கைத் தீர்க்கத்தான். 1998-இல் கணினி அசெம்பிள் செய்து விற்ற அண்ணன் ஒருவர், இன்டெலின் மலிவு விலைப் பிராசசரான செலரானால் அந்த நிறுவனத்தின் பெயரே கெட்டது என்பார். நான் ஒப்புக்கொண்டதில்லை.

முதலில் 266 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செலரான் 266-ஐச் செருகினேன். 1998 ஏப்ரலில் வந்த இது அடிப்படையில் இன்டெலின் விலை கூடிய பென்டியம் 2-தான். ஆனால், விலையைக் குறைக்க அதன் 512 கேபி இரண்டாம் நிலை கேஷை, அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவைப் பிராசசர் அருகிலேயே வைத்திருக்கும் சிறு நினைவகத்தை, மொத்தமாக நீக்கிவிட்டார்கள். ஜிப் கோப்பு ஒன்றைச் சுருக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து வந்தேன், இன்னும் முடியவில்லை. முப்பரிமாண விளையாட்டு மட்டும் அவ்வளவு மோசமில்லை.

அடுத்து செலரான் 300ஏ. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. இதில் 128 கேபி கேஷ் உண்டு; அளவு சிறிதென்றாலும் பிராசசரின் முழு வேகத்திலேயே ஓடும். பென்டியம் 2-இன் கேஷுக்குப் பாதி வேகம்தான். பேராசைப்பட்டு, பிராசசரை போர்டுடன் இணைக்கும் தடமான பஸ்ஸின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 83-க்கு ஏற்றினேன். வன்தட்டு போன்றவற்றுக்கான பிசிஐ தடமும் கூடவே வேகமெடுத்து, வன்தட்டில் ஒரு கோப்பு பாழானது. 100-க்கு ஏற்றினால் போர்டு அதை மூன்றால் வகுத்து பிசிஐயைப் பழைய 33-லேயே வைத்துக்கொள்கிறது. போர்டு 100-ஐத் தேர்ந்தெடுப்பதற்காக பிராசசரின் பி21 என்ற காலின் மேல் துளி டேப் ஒட்டினேன். 300ஏ ஓடுவது பஸ்ஸைப் போல நாலரை மடங்கு வேகத்தில். நாலரை மடங்கு நூறு: திரையில் 450 என்று வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 300ஏ வந்த அதே மாதம் வெளியான, இதே வேகத்தில் ஓடும் பென்டியம் 2 450-இன் அறிமுக விலை 669 டாலர், 300ஏ-வுக்கு 149.

உடனே அண்ணனை அழைத்தேன்.

"தம்பி, கடைக்கு வந்தவர்கள் யாரும் டேப் ஒட்டிப் பார்க்கவில்லை. 266 வாங்கிய மாமா சொன்னதைக் கேட்டு வந்தார்கள். 300ஏ-வை விற்க நான் தொண்டை வற்றப் பேச வேண்டியிருந்தது" என்றார்.

"அந்தக் கோபத்தில் பென்டியத்தை வேண்டாம் என்றார்களா, அண்ணா?"

சற்று யோசித்தார். "இல்லை. கூடுதல் பணம் கொடுத்து அதைத்தான் வாங்கினார்கள்."

என் கட்சி அதுதான். அடி எல்லாம் செலரான் என்ற பெயருக்கு, பென்டியத்துக்குக் கீறல்கூட இல்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தபோது அவர் கேட்டார்: "அப்படியென்றால் 2023-இல் மடிக்கணினிகளில் அந்த இரண்டு பெயரையும் எடுத்துவிட்டு, வெறும் 'இன்டெல் பிராசசர்' என்று விற்கத் தொடங்கினார்களே, இனி அடி யாருக்கு?"

பதில் வரவில்லை. இதைத் தட்டச்சு செய்யும் குட்டிக் கணினிக்குள் இருப்பதும் 'இன்டெல் பிராசசர் என்100'தான். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் தன்னிடம் உள்ள பென்டியம் 2 450-உடன் வருகிறார். அதற்குள் செலரானுக்குப் பெரிய மின்விசிறி ஒன்று தேட வேண்டும்.