பச்சை காட்டிய கட்டங்கள்

பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சம்பள வேலை போக, அலை உயரத்தை வரைபடமாகக் காட்டும் ஒரு கட்டற்ற மென்பொருளைக் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, எங்கள் கரையோரத்து ஆட்களுக்குத் தமிழ் முகப்போடு கொடுத்துவருகிறேன். அதில் இரண்டு பதிப்புகள் வைத்திருந்தேன். ஒன்று 'சாதாரணம்', இன்னொன்று 'வேகம்'. அந்தப் பெயரிலேயே என் தவறு தொடங்கிவிட்டது.

வேகப் பதிப்பில், அந்த மாற்றத்தைச் செய்யும் ஜிசிசி கம்பைலருக்கு இரண்டு ஃபிளாக்குகளை, அதாவது எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் குறிப்புகளை, கூடுதலாகப் போட்டிருந்தேன். 'மார்ச்-நேட்டிவ்', கம்பைல் செய்யும் கணினியின் ப்ராசஸருக்கு ஏற்றபடி நிரலை ஆக்கும். 2013-இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல்லுக்கு முந்தைய கணினிகளில் ஏவிஎக்ஸ்2 என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு கிடையாது; என் கணினியில் உண்டு. அப்படியொரு பழைய கணினியில் மென்பொருள் திறந்த உடனே செத்தது. போன் வந்தது, அன்றைக்கே சரிசெய்தேன். அது நேர்மையான தோல்வி.

இரண்டாவது ஃபிளாக்கான 'ஓ-ஃபாஸ்ட்' அப்படி இல்லை. நிரலை வேகப்படுத்தும் அளவுகளை ஓ2, ஓ3, ஓ-ஃபாஸ்ட் என்று வரிசையாகப் படித்தால் ஒரே ஏணியின் படிகள் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கடைசிப் படி, கணக்கு விதிகளைத் தளர்த்தி வேகம் கூட்டும் 'ஃபாஸ்ட்-மேத்'தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. தரவில் 'நேன்', அதாவது எண்ணே அல்லாத மதிப்பு, ஒருபோதும் வராது என்று கம்பைலர் முடிவு கட்டிவிடும். வராத ஒன்றுக்குச் சோதனை எதற்கு என்று, நாம் எழுதிவைத்த சோதனை வரியையே தூக்கிவிடும்.

அலைத் தரவில் கரையை ஒட்டிய கட்டங்கள் பல காலியாகத்தான், அதாவது நேனாகத்தான், இருக்கும். அவற்றைச் சாம்பல் நிறத்தில் காட்ட வேண்டும். சோதனை போனதும் அடுத்த வரி, 'இரண்டரை மீட்டருக்கு மேலா?' நேன் எதற்கும் மேலா என்று கேட்டால் 'இல்லை' என்றே விடை. 'ஒன்றரைக்கு மேலா?' அதற்கும் இல்லை. மிஞ்சியது பச்சை, அலை குறைவு என்பதற்கான நிறம்.

கச்சான் காற்று வீசிய ஒரு நாள், பாம்பன் சம்மாட்டி ஒருவர், படகு வைத்திருப்பவர், கூப்பிட்டார்.

"தம்பி, தென்கடல் பூரா பச்சையாக் காட்டுது. இங்க நிக்க முடியல, காத்து பிடுங்குது."

"எந்தப் பதிப்புண்ணே எடுத்தீங்க?"

"வேகம்னு போட்டிருந்துச்சு, அதத்தான் பையன் எடுத்துக் கொடுத்தான். வேகம்னு இருந்தா மெதுவா இருக்கறத யாரு எடுப்பா?"

அவர் வல்லத்தை இறக்கவில்லை. கடலைப் பார்த்தே வளர்ந்தவர், திரையை நம்பவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதிப்புக்குக் கீழே 'உங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று எழுதியிருந்தேனே என்று ஒரு கணம் மனம் சமாதானம் தேடியது. நேன் என்றால் என்னவென்று தெரியாத ஒருவர் எந்தப் பொறுப்பை ஏற்க முடியும்? படம் வரைவதில் சில விநாடிகள் மிச்சமாகும், அவ்வளவுதான். அந்த விநாடிகளை அவர் கேட்கவே இல்லை.

இப்போது ஓ3-யோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாக் கட்டமும் காலியாக உள்ள ஒரு கோப்பைச் சோதனைக்கு வைத்திருக்கிறேன். ஒரு கட்டமாவது பச்சையானால் அந்தப் பதிப்பு வெளியே போகாது. ஃபாஸ்ட்-மேத் வேண்டுமென்பவர்கள் மூல நிரலை எடுத்துத் தாங்களே கம்பைல் செய்துகொள்ளலாம்.

போன வாரம் அதே சம்மாட்டி கேட்டார்.

"என்ன தம்பி, கரையோரம் சாம்பலாத் தெரியுது?"

"அங்க என்னன்னு இதுக்குத் தெரியலண்ணே."

"சரி, அத நான் பாத்துக்கிறேன்."