கோடைக்கு முன் ஸ்கீக்களுக்கு மெழுகிடுதல்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து, ஒஸ்லோவின் வடக்கே உள்ள நூர்மார்க்கா காட்டுத் தடங்களில் கல்லும் வேரும் தலைகாட்டத் தொடங்கியதும், பல வீடுகளில் பனிச்சறுக்குப் பலகைகளான ஸ்கீக்கள் வந்த கோலத்திலேயே நிலவறைக்குள் போய்விடுகின்றன. கால்ஹோபிக்கன் மலையின் அடிவாரப் பனியாற்றில் கோடையிலும் சறுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதெல்லாம், துப்புரவையும் மெழுகிடுவதையும் நவம்பருக்குத் தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான். ஒரு குளிர்காலம் முழுவதும் சறுக்குவதால் வரும் தேய்மானத்தைவிட, ஈரமும் உப்பும் அழுக்கும் ஒட்டியபடி ஆறேழு மாதங்கள் சும்மா கிடப்பதால் வரும் கேடு பெரிது என்பது என் கணிப்பு.

மலைச்சரிவில் சறுக்கும் அல்பின் ஸ்கீயில் முதலில் கெடுவது எஃகு விளிம்பு. காரின் கூரையில் வைத்துக் கொண்டுவரும்போது வீதியில் தூவிய உப்பு தெறித்துப் படிகிறது. ஈரத்தோடு உறைக்குள் வைத்து மூடினால் சில நாட்களிலேயே செம்மஞ்சள் துரு கோடாகப் படர்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஓரிரவு அறைச் சூட்டில் காயவிட்டால் போதும். மெல்லிய துரு இருந்தால், அதற்கென விற்கப்படும் இறப்பர் போன்ற மென்கல்லால் தேய்த்தாலே போய்விடும். விளிம்பைத் தீட்டுவதை இலையுதிர்காலத்துக்கு விட்டுவைப்பவர்கள் உண்டு. நான் இப்போதே அரத்தால் தீட்டிவிடுவேன், ஏனெனில் அதன்மேல் வரும் மெழுகுப்படலம் புதிதாகத் தீட்டிய எஃகையும் சேர்த்து மூடிக் காக்கும்.

சமதரையில் ஓடும் லங்ரென் ஸ்கீக்களில் பெரும்பாலானவற்றுக்கு எஃகு விளிம்பு இல்லை. அங்கே தொல்லை கொடுப்பது, வசந்தகால ஈரப்பனிக்காக நடுப்பகுதியில் பூசிய கிளிஸ்டர் என்னும் ஒட்டும் மெழுகு. ஊசியிலையும் பூந்தூளும் புழுதியும் ஒட்டிக் கருத்துப்போன அந்தப் பசையைச் சுரண்டியால் வழித்து, எஞ்சியதை மெழுகு நீக்கும் திரவம் நனைத்த தாளால் துடைக்க வேண்டும். அந்தத் திரவத்தை முன்னும் பின்னும் உள்ள சறுக்கும் பகுதிகளில் தாராளமாக ஊற்றுவது நல்லதல்ல. அழுக்கோடு அடிப்பரப்பில் ஊறியிருக்கும் மெழுகையும் அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நடுவில் மயிரிழைப் பட்டை ஒட்டிய ஸ்கீயானால், பட்டைக்குரிய துப்புரவுத் திரவத்தால் இழையின் போக்கிலேயே துடைத்துக் காயவிடுங்கள். அதன்மேல் உருகிய மெழுகு ஒரு துளிகூட விழக்கூடாது.

இனி மெழுகு. அடிப்பரப்பு பொலிஎத்திலீனால் ஆனது. மெழுகு இல்லாமல் காற்றில் கிடந்தால் உலர்ந்து, வெண்மை படர்ந்து, அடுத்த பருவத்தில் மெழுகைச் சரியாக ஏற்க மறுக்கும். கோடைக்கு விலையுயர்ந்த மெழுகு எதுவும் தேவையில்லை. மிதமான வெப்பநிலைக்குரிய மென்மெழுகு அல்லது அடித்தள மெழுகே உகந்தது, ஏனெனில் அது குறைந்த சூட்டில் உருகி நன்றாக ஊறும். மெழுகிடும் அயனை ஏறத்தாழ 120 பாகைக்கு வைத்து, கட்டியை அதன் தட்டில் பிடித்தால் துளிகள் சொட்டும். அவற்றை நுனியிலிருந்து வால் நோக்கி, மயிரிழைப் பட்டை இருந்தால் அதை மட்டும் தவிர்த்து, ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். அயனுக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு மெழுகு ஈரமாக மினுங்கி, உடனே மங்கிக் கெட்டியாகிக்கொண்டு வந்தால் வேகம் சரி. மினுக்கம் நீண்டுகொண்டே போனால் சூடு கூடிவிட்டது என்று பொருள். பொலிஎத்திலீன் 130 முதல் 135 பாகையில் உருகும் என்பதால், அயனை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. சட்டைக்குப் போடும் அயன் இதற்கு வேண்டாம். அதன் சூடு ஏறி இறங்கும், துணிக்கு அது பொருட்டல்ல, ஸ்கீக்கு ஆபத்து.

முதற்பூச்சை மெழுகு முற்றாக ஆறுமுன்னே பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். சுருள் சுருளாக வரும் மெழுகு சாம்பல் நிறத்தில் இருந்தால், உள்ளே இருந்த அழுக்கு வெளியேறுகிறது. வழித்த மெழுகு வெளுப்பாக வரும்வரை இதைத் திரும்பச் செய்துவிட்டு, கடைசியாகத் தடித்த ஒரு பூச்சைப் போட்டு, விளிம்பின்மேலும் வழியவிட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். சுரண்டுவதும் தூரிகை போடுவதும் முதற்பனி விழும்போது செய்யும் வேலை.

சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பிணைப்பிகளை உயரழுத்தத் தண்ணீரால் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல். உள்ளிருக்கும் கிரீஸ் கழன்றுபோகும். கோடையில் அல்பின் பிணைப்பியின் சுருள்வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் தளர்த்துவதில்லை. தளர்த்துகிறவர் அளவுகோலின் கீழெல்லையைத் தாண்டாமல், பழைய எண்ணை எழுதிவைப்பது நல்லது. அந்த எண் சறுக்குபவரின் எடை, உயரம், வயது, திறமை, சப்பாத்தின் அடிநீளம் ஆகியவற்றைப் பொறுத்தது என்பதால், வளரும் பிள்ளைகளின் பிணைப்பிகளை எப்படியும் பருவத் தொடக்கத்தில் கடையில் காட்டியே ஆகவேண்டும். அல்பின் சப்பாத்துகளுக்கு உள்ளுறையைக் கழற்றி நன்றாகக் காயவைத்து, மீண்டும் போட்டு, கொளுவிகளை மெல்லப் பூட்டி வைத்தால் ஓடு வடிவம் மாறாது.

அடுக்குமாடியின் நிலவறைக் களஞ்சியம் உலர்வாக இருந்தால் அதைவிட நல்ல இடமில்லை. வெறும் சீமெந்துத் தரையில் நிறுத்தாமல் பலகைமேல் வையுங்கள். யூலை வெயிலில் கொதிக்கும் பரணும், பல்கனியும் ஆகா. லங்ரென் ஸ்கீ நடுவில் வில்லாக வளைந்திருப்பதே அதன் உயிர் என்பதால், இரண்டையும் நடுவில் இறுக்கிக் கட்டாமல், நுனியிலும் வாலிலும் மட்டும் தளர்வாகக் கட்ட வேண்டும்.

மெழுகுப் பெட்டியையும் அப்போதே கிளறிப் பாருங்கள். புளோரின் கலந்த பழைய கட்டிகள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அவற்றை முற்றாகத் தடை செய்துவிட்டது, வீட்டு உபயோகத்துக்கும் அவற்றால் உடலுக்கோ மண்ணுக்கோ நன்மை இல்லை. அவற்றைக் குப்பை வாளியில் போடாமல், நகரசபையின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.