பறித்து நட்ட பயிர்

பாஸ்டனில் செப்டம்பர் 1 ஒரு தனித் திருவிழா. வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அன்றைக்குத்தான் மாறும். மாணவர்கள் நெருக்கியடித்து வாழும் ஆல்ஸ்டன் பகுதியில், வீட்டைக் காலி செய்பவர்கள் தூக்கிப்போக முடியாத மேசை, நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் நடைபாதையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இதற்கு ‘ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்’ என்று பெயரே உண்டு. 2011இல் ஐரீன் புயலோடு புயலாக வந்திறங்கிய எங்கள் குடித்தனம் அன்றைக்குத்தான் நிரம்பியது. “மெத்தையை மட்டும் தொடாதே, மூட்டைப்பூச்சி” என்று அலுவலக நண்பர் சொல்லியிருந்தார். ஒரு மர மேசையைத் தூக்கி வந்தேன். அதன்மேல் இருந்த புத்தகப் பெட்டியும் கூடவே வந்தது.

“தெருவுல கெடந்ததையா எடுத்தாந்தே? யாரு வீட்டுப் பீடையோ” என்றார் அம்மா போனில். மன்னார்குடிப் பக்கம் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த மாதம் ஒரு வங்கி எனக்குக் கடன் அட்டை தர மறுத்தது. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்கே கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு, இல்லையாம். முப்பத்திரண்டு வயது, ஊரில் ஒரு பைசா கடன் பாக்கி இல்லை. ஆனால் இங்கே எனக்கு ஹிஸ்டரி கிடையாது. அந்த எரிச்சலில்தான் பெட்டியைக் கிளறினேன். கையில் அகப்பட்டது ஒரு ஹிஸ்டரி புத்தகம்: ஆஸ்கர் ஹேண்ட்லின் 1951இல் எழுதிய ‘தி அப்ரூட்டட்’. வேரோடு பிடுங்கப்பட்டவர்கள். “அமெரிக்காவில் குடியேறிகளின் வரலாற்றை எழுத நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, குடியேறிகளே அமெரிக்க வரலாறு” என்று தொடங்குகிறது. அட, நமக்கும் ஹிஸ்டரி உண்டு போலிருக்கிறதே!

ஹேண்ட்லின் 1915இல் புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள். சிறுவனாக மளிகைச் சாமான் கொடுக்கப் போகும்போதும் கையில் புத்தகத்தோடு போவாராம். பதினெட்டு வயதில் புரூக்ளின் கல்லூரிப் பட்டம், பிறகு ஹார்வர்டு. யூத ஆசிரியர்கள் அங்கே அபூர்வமாக இருந்த காலம். அவருடைய முனைவர் ஆய்வு எங்கள் பாஸ்டனைப் பற்றியது: உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்கள் இந்தத் துறைமுகத்துச் சந்துகளில் எப்படி அடைந்து கிடந்தார்கள் என்பது. 1941இல் புத்தகமாயிற்று. பத்தாண்டு கழித்து வந்த ‘தி அப்ரூட்டட்’ 1952இல் புலிட்சர் பரிசு வாங்கியது. வரலாற்றுப் பேராசிரியர் எழுதியதில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை என்பது எனக்கு வியப்பு. ஒரு பெருங்கதை போல ஓடுகிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே பேச்சு அறுந்துபோகும் இடத்தைப் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை.

அவரை மறுத்தவர்களும் உண்டு. வரலாற்றாசிரியர் ருடால்ஃப் வெகோலி 1964இல், சிகாகோவில் குடியேறிய தென் இத்தாலிய விவசாயிகள் ஊர்ப்பற்றையும் நம்பிக்கைகளையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்தார்கள், எதுவும் பிடுங்கப்படவில்லை என்று வாதிட்டார். என் கட்சி இரண்டுக்கும் நடுவில். டெல்டாக்காரனுக்குப் பிடுங்குவது என்றாலே நாற்று. நாற்றங்காலில் பறித்து, வேர்மண்ணை அலசி, முடியாகக் கட்டி, வேறு வயலில் நடுவோம். பறிக்காவிட்டால் நெல் இல்லை. ஆனால் நட்ட முதல் வாரம் பயிர் மஞ்சளடித்துத் துவண்டு நிற்குமே, அந்த வாரத்தை ஹேண்ட்லின் அளவுக்கு யாரும் எழுதவில்லை. பாஸ்டனில் அந்த வாரம் ஏப்ரல் வரை நீளும். ரேடியேட்டர் இரவெல்லாம் டங்டங்கென்று அடிக்கும். பனியில் புதைந்த காரைத் தோண்டி எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1946 அமெரிக்கச் சட்டப்படி, இங்கே குடியேற இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. பிறந்த நாட்டை வைத்து ஆளை எடைபோடும் அந்த முறைக்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தவர்களில் ஹேண்ட்லின் முக்கியமானவர். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் ஜனாதிபதி ஜான்சன் அந்த முறையை ஒழிக்கும் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். நம்மவர்கள் இங்கே பெருமளவில் வரத்தொடங்கியது அதன் பிறகுதான். அந்தச் சட்டத்தின் வழியாக வந்த நான் மட்டும் ஏன் இன்னும் வரிசையில் நிற்கிறேன்? இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைகள், வேலை வழியில், ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. பிறந்த நாடு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது.

நான் புத்தகத்தை எடுத்து வந்த அதே செப்டம்பரில், 20ஆம் தேதி, ஆற்றுக்கு அக்கரையில் கேம்பிரிட்ஜில் ஹேண்ட்லின் காலமானார். வயது 95. செய்தியைச் சில மாதம் கழித்தே அறிந்தேன்.

மேசை இப்போது மகளின் வீட்டுப்பாட மேசை. பச்சை அட்டை வரிசை எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்று சொல்லும் அரசு அறிக்கையான விசா புல்லட்டின் மாதா மாதம் வந்ததும், மனைவி அந்த மேசையில்தான் மடிக்கணினியை வைத்து, பஞ்சாங்கம் பார்ப்பதுபோல எங்கள் பிரயாரிட்டி டேட்டை, அதாவது வரிசையில் எங்கள் இடத்தைக் குறிக்கும் தேதியைத் தேடுவாள். போன மாதம் வரிசை நான்கு வாரம் நகர்ந்திருந்தது. இந்த மாதம் அப்படியே நிற்கிறது.