டி4 கற்க ஒரு முழு ஆட்டம்

செஸ்ஸில் டி4, அதாவது ராணிக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்குவது. இதை ஆட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை நகர்த்தல் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றுதான். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன்: 1972-இல் ரேக்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிய 6-வது ஆட்டம். வழக்கமாக இ4 (ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய்) ஆடும் ஃபிஷர் அன்று வெள்ளைக் காய்களோடு சி4-இல் தொடங்கினார். 3-வது நகர்த்தலில் டி4 வந்து, குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்ட் ஆகிவிட்டது; வெள்ளை நீட்டும் சி4 சிப்பாயைக் கருப்பு வெட்டாமல் விடும் தொடக்கம் அது.

ஆட்டத்தின் நகர்த்தல் பட்டியலில் வெள்ளையின் அடுத்த நகர்த்தலைத் தாளால் மறைத்துவிட்டு, நீங்கள் ஆட நினைப்பதைக் காரணத்தோடு எழுதுங்கள். அப்புறம் தாளை எடுங்கள். இன்ஜின் (நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் நிரல்) இப்போது வேண்டாம். செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, நிஜப் பலகையில் காய்களை நகர்த்துங்கள்.

15-வது நகர்த்தல் முடிந்ததும் நிறுத்துங்கள். கருப்பின் சி5, டி5 சிப்பாய்கள் அருகருகே நிற்கின்றன. தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் வேறு சிப்பாய் இல்லை. ஹேங்கிங் பான்ஸ் என்பது இதுதான். இனி வெள்ளையின் வேலையெல்லாம் இவற்றைச் சுற்றித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 18-வது நகர்த்தல். வெள்ளைக் குதிரை தைரியமாக டி4-இல் வந்து உட்காரும். சி5 சிப்பாய் வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டினால் ஏ3-இல் உள்ள வெள்ளை ராணி, குறுக்குக் கோட்டில் நேராக வந்து இ7-இல் இருக்கும் ராணியை எடுத்துவிடும். ஸ்பாஸ்கி ராணியை எஃப்8-க்கு நகர்த்தியதும், குதிரை இ6 பிஷப்பை வெட்டிக்கொண்டு போகிறது.

20-வதில் வெள்ளை இ4 ஆட, கருப்பு டி4 தள்ளுகிறது. இங்கே ஒரு மாலை முழுவதும் செலவழித்தாலும் தகும். டி5-ஐ விட்டு சிப்பாய் நகர்ந்ததும் சி4 கட்டம் வெள்ளை பிஷப்புக்குச் சொந்தமாகிவிட்டது. அங்கிருந்து அது இ6-ஐக் குறிவைக்கிறது. இதோடு இ5, எஃப்5, கடைசியில் 38-வதில் எஃப்6 குதிரையை யானை வெட்டுவது. தோற்ற ஸ்பாஸ்கியே கைதட்டினார்.

இவ்வளவும் பிடிபட்ட பிறகு கருப்புப் பக்கம் உட்காருங்கள். ஸ்பாஸ்கியின் உதவியாளரான கெல்லர், 1973-இல் டிம்மனுக்கு எதிராக இதே நிலையில் 14-வது நகர்த்தலாக ஏ6-க்குப் பதில் ராணியை பி7-க்குக் கொண்டுபோய் வென்றார். ராணி அந்தக் குறுக்குக் கோட்டை விட்டு விலகிவிட்டது; வெள்ளை சி5-ஐ வெட்டி, பி6 சிப்பாய் திருப்பி வெட்டினால் பி5 பிஷப்பையும் மிரட்டும். இனி வெள்ளைக்கு நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்பதை இன்ஜினைத் திறப்பதற்கு முன் எழுதிவைத்துவிடுங்கள்.