போதைப் பழக்க ஸ்கிரீனிங்: செய்முறைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு

ஒருவருக்குப் போதைப் பழக்கத்தால் எவ்வளவு ஆபத்து என்று கேள்விகள் கேட்டுக் கண்டறிவதுதான் ஸ்கிரீனிங். சமூக சுகாதாரப் பாடத்தில் இந்தப் பகுதியைப் பலரும் மதிப்பெண் அட்டவணைகளை மனப்பாடம் செய்து முடித்துவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வை அதை வைத்துச் சமாளித்துவிடலாம். செய்முறைத் தேர்வில் எதிரே ஒருவரை உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். அங்கே அட்டவணை மட்டும் கைகொடுக்காது.

முதலில் ஆடிட். மதுவுக்கு மட்டுமான உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள். 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். முதல் 3 கேள்விகள் எவ்வளவு, எத்தனை முறை என்று கேட்கும். அடுத்த 3, அடிமையானதற்கான அறிகுறிகள். கடைசி 4, குடியால் வந்த பாதிப்புகள். இப்படிப் பிரித்துப் படித்தால் தானாக மனதில் நிற்கும். நோயாளியின் மதிப்பெண் 8 முதல் 15 வரை இருந்தால் எளிய அறிவுரை; 16 முதல் 19 வரை சுருக்கமான ஆலோசனை, தொடர் கண்காணிப்பு; 20-ஐத் தொட்டால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அடுத்தது அசிஸ்ட். இதுவும் அதே நிறுவனத்தின் கேள்வித்தாள்தான்; ஆனால் மது, புகையிலை உட்பட எல்லாப் போதைப் பொருள்களுக்கும் உரியது. அதில் நடுத்தர ஆபத்து மதுவுக்கு 11-லும் மற்றவற்றுக்கு 4-லும் தொடங்கும். இந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மீதி நேரத்தையெல்லாம் பேசிப் பழகச் செலவிடுங்கள். நானும் தோழியும் மாறி மாறி நோயாளியாக நடித்துப் பழகினோம். எடுத்ததுமே "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும். "இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், உங்ககிட்டயும் கேக்கலாமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்கினால் பேச்சு இளகும்.

அப்புறம் 0 முதல் 10 வரையிலான அளவுகோல். "குறைக்கணும்னு எவ்வளவு தோணுது?" என்று கேட்கிறோம், அவர் 4 என்கிறார். "ஏன் 8 இல்ல?" என்று கேட்டுவிடாதீர்கள், குடிப்பதற்கான நியாயங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார். "2-ன்னு சொல்லாம ஏன் 4-ன்னு சொன்னீங்க?" என்று கேளுங்கள். "பொண்ணு முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறா" என்பது மாதிரி, விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும். அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தினமும் நிறையக் குடிப்பவரிடம் மட்டும் "இன்னையோட விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்போ கடுமையான மனக்குழப்பமோ வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுங்குகிறதா, அதிகமாக வியர்க்கிறதா என்று பாருங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று விளக்கி, கூட வந்தவரிடமும் அதைச் சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.