கட்டபொம்மனுக்கு நாற்காலி கிடையாது

வேலூரில் கட்டபொம்மன் நாடகம் போடுவதில் ஒரு சங்கடம். வசனம் மேடையில் இருப்பவனைவிடக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகம் 1959இல் படமாகவும் வந்துவிட்டது. இன்றைக்கு யார் அந்த மீசையை ஒட்டினாலும் பெரியவர்கள் சிவாஜியைத்தான் தேடுவார்கள். பசங்களுக்கோ அது மீம்.

அதனால் எங்கள் குழு வேறு வழி பிடித்தது. ராமநாதபுரத்தில் 1798இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை நிற்கவைத்தே விசாரித்ததாகப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சரி, மேடையில் ஒரே நாற்காலி. அதில் ஜாக்சன். கட்டபொம்மன் நின்றபடி, கத்தாமல், பதில் சொல்கிறார். ஒத்திகையில் டீ கொண்டுவந்த பையன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

நடுநடுவே நம்ம ஆற்காட்டுப் பக்கத் தெருக்கூத்துக் கட்டியங்காரனை இறக்கியிருக்கிறோம். வரி பாக்கிக் கதையை இஎம்ஐ கட்டுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி அவன்தான் கேலியாகச் சொல்கிறான். (வாடகை வெல்வெட் உடை பரவாயில்லை. காலர் மைக்தான் ஒட்டுத்தாடியில் உரசிக் கரகரக்கிறது.)

கயத்தாறில் புளியமரத்தில் கட்டபொம்மனுக்குத் தூக்கு 1799இல். ஏழே வருஷத்தில், 1806 ஜூலை 10 விடியுமுன், நம்ம கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கடைசியில் கட்டியங்காரன் அதையும் சொல்லலாமா, இல்லை புளியமரத்தோடு திரை விழட்டுமா என்று குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை. நான் ‘சொல்லட்டும்’ கட்சி.