மணி அடித்தால் யார் ஓடுவது? டிமென்ஷியா உள்ளவருக்காக வீட்டைத் தயார் செய்தது

டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர் யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டு வெளியே போய்விடுவதுதான் எங்கள் கவலை. அதற்குக் கருவி வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு வாரம் அவரைக் கவனித்து நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தக் கதவுப் பக்கம் போனார், போகும்போது என்ன சொன்னார். எங்கள் நோட்டில் நடமாட்டம் பெரும்பாலும் மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில், விளக்கு வைக்கும் நேரத்தில்தான். அதனால் படுக்கையை விட்டு எழுந்தால் மணி அடிக்கவைக்கும், படுக்கைக்கு அடியில் விரிக்கும் சென்சார் பாயை வாங்கவே இல்லை. அந்தப் பணம் வாசலுக்குப் போனது.

கதவு திறந்தால் மணி அடிக்கவைக்கும் கதவு சென்சாரில் இரண்டு துண்டுகள். கதவில் காந்தம், நிலையில் சுவிட்ச். மூடியிருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். இரும்பு கிரில் கேட்டில் நேராக ஒட்டினால் காந்தத்தின் இழுப்பை இரும்பே வாங்கிக்கொள்ளும். மூடிய கேட்டையும் திறந்ததாகவே காட்டும். இரண்டு துண்டுகளுக்கும் அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ வைத்துத் திருகினால் சரியாகும். கூடவே வரும் இரட்டைப் பக்க டேப் வெயிலில் கழன்றுவிடும், நம்பாதீர்கள். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி முழுசாகச் சாத்தாமல் நிற்கும். அப்போது மணி ஓயாமல் அடிக்க, யாராவது எரிச்சலில் அணைத்துவிடுவார்கள். கார்த்திகை முழுக்கக் கருவி அணைந்தே கிடக்கும்.

மணி எங்கே ஒலிக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். கதவிலேயே சைரன் அலறும் வகை வேண்டவே வேண்டாம். சத்தத்தில் அவர் மிரண்டு இன்னும் வேகமாக வெளியே போவார், இல்லையென்றால் தடுக்க வந்தவரைத் தள்ளுவார். சென்சார் வாசலில், மணி அடுக்களையில் என்று தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள். மணிப்பெட்டி பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். கரண்ட் போனாலும் அடிக்க வேண்டும். வைஃபை வகை என்றால் ரௌட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் கட்டாயம். இந்த சென்சார்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் முதல் செட்டப்பே தகராறு செய்யும். பால்காரர், ஸ்கூல் பிள்ளைகள், கூரியர் என்று நாளெல்லாம் அடிக்கிற மணி ஒரு வாரத்தில் யார் காதிலும் விழாது. நோட்டில் உள்ள ஆபத்து நேரத்துக்கும் இரவுக்கும் மட்டும் ஆன் செய்யுங்கள்.

அவர் இருக்கும் இடத்தை நம் போனில் காட்டும் ஜிபிஎஸ் கருவியில் கேள்வி, அது எவ்வளவு நேரம் உடம்பில் தங்கும் என்பது. வாட்ச் கட்டிப் பழகாதவர் கையில் கட்டினால் பத்து நிமிடத்தில் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவார். வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டுகிற ஆண் என்றால் பெல்ட் பையிலேயே வைக்கலாம். பெண்ணுக்கு உள்பாவாடையின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, பட்டன் வைத்த சின்னப் பை தைக்கச் சொன்னோம். டெய்லருக்குக் கருவியையே கொடுத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். எல்லா உள்பாவாடையிலும் தைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தைத்தால் அது துவைக்கப் போன நாளில்தான் தேவைப்படும்.

சிம் போடும்போது கவனம். மலிவான கருவிகள் பலதும் 2ஜி. ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம்மைப் போட்டால் கருவி ஊமை. 4ஜி கருவியே நல்லது. சிம்மின் PIN எண் பூட்டை எடுத்துவிட்டு, ரீசார்ஜ் முடியும் தேதியைத் தினசரிக் காலண்டரில் குறித்துவையுங்கள். கருவி கெட்டுப்போவதைவிட ரீசார்ஜ் மறந்து செயலிழப்பதுதான் அதிகம்.

வீட்டைச் சுற்றி, தாண்டினால் போனுக்கு எச்சரிக்கை வரும் எல்லை வட்டத்தை முதலில் 50 மீட்டர் வைத்தோம். கான்கிரீட் கூரைக்குள் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காமல் கருவி செல்போன் டவரை வைத்து இடம் கணிக்கும். கட்டிலில் படுத்திருப்பவரை நாலு தெரு தள்ளிக் காட்டும். நள்ளிரவில் எச்சரிக்கை வரும். 200 மீட்டர் ஆக்கியதும் அடங்கியது. அடுத்தது இருப்பிடம் அனுப்பும் இடைவெளி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நடந்தே அரைக் கிலோமீட்டர் தாண்டியிருப்பார். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கையில் காசில்லாத பாட்டியும் ஏறி உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போகலாம், கண்டக்டருக்குச் சந்தேகமே வராது. அதனால் ஆபத்து நேரத்தில் ஒரு நிமிட இடைவெளி. பேட்டரி சீக்கிரம் தீரும். இரவு உடை மாற்றும்போது சார்ஜில் போடுவதை வழக்கமாக்குங்கள். பிறகு கருவியை நீங்களே எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்து, எத்தனை நிமிடம் கழித்து எச்சரிக்கை வருகிறது என்று பாருங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக் இதற்கு மாற்று இல்லை. பக்கத்தில் அதைப் பிடிக்கும் போன் வைத்திருப்பவர் வந்தால்தான் அது இருக்கும் இடம் தெரியும்.

அடுக்களையில், சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கேஸ் கசிந்தால் கத்தும் டிடெக்டரைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்கள். குழாய் வழி கேஸ் என்றால் நேர் எதிர், கூரையை ஒட்டி. ஆனால் டிடெக்டர் கத்தினாலும் அவருக்கு அடுப்பை அணைக்கத் தோன்றாது. சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை அடைத்து, சிலிண்டர் இருக்கும் கதவைப் பூட்டுவது எந்தக் கருவியைவிடவும் மலிவு. பாத்ரூம் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிடுங்கள். ஆளில்லாத வீட்டில் அவரை வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது மட்டும் கூடாது. தீப்பிடித்தால் வழி இல்லை.

பாத்ரூம் போகும் வழிக்கு அசைவு கண்டு எரியும் விளக்கு போதும். காரணமில்லாமல் எரிந்தால் சென்சார் குமிழ் மேல் பல்லி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, மணி அடித்தால் யார் எங்கே ஓடுவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டோம். ஒருவர் தெருமுனை, ஒருவர் பஸ் ஸ்டாப், ஒருவர் வீட்டில். அவரே திரும்பி வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டுமே. கால் மணி நேரத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் அவசர உதவி எண் 112. அன்று காலை எடுத்த போட்டோ போனில் இருந்தால், என்ன நிறச் சேலை என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். நோட்டில் அவர் அடிக்கடி சொன்ன ஊர்ப்பெயருக்கு எந்தெந்த நம்பர் பஸ் போகிறது என்பதையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.